பெயர்பெற்ற பாடசாலையா, கணித ஆசிரியரா?

கேள்வி: எங்கள் வீடு பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். மகள் கெட்டிக்காரி என்று ஒன்றாம் தரத்திலிருந்தே ஆசிரியர்கள் சொல்லி வருகிறார்கள். கணக்குக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் முதலாவதை முடிப்பதற்குள் இவள் எல்லாவற்றையும் செய்துவிடுவாள். உடனே சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவார்கள். புலமைப்பரிசிலில் பதுளை டவுன் பாடசாலைக்கான வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்துவிட்டது. இங்கேயே விட்டால் அவள் படிப்பு வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது, யாரையாவது பிடித்தாவது டவுனில் சேர்க்க வேண்டுமா? தம்பி மூன்றாம் தரம் படிக்கிறான். அவனையாவது இப்போதே டியூஷனுக்கு அனுப்பலாமா?
– ஒரு தாய், பசறை

பதில்: மூன்று புள்ளி குறைந்ததால் உங்கள் மகளின் திறமை குறைந்துவிடவில்லை. ஐந்தாம் தரப் பரீட்சை எதை அளக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளி. முதலாவதில் 40 பல்தேர்வு வினாக்களை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுப்பது ஒரு நோக்கம், அதிகம் பேர் கேட்கும் பாடசாலைகளில் இருக்கும் சில இடங்களைப் பங்கிடுவது இன்னொன்று. வெட்டுப்புள்ளி இந்தப் பங்கீட்டுக்காகப் போடப்படும் கோடு. மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம், பாடசாலைக்குப் பாடசாலை அது மாறும். இந்த வருடம் உங்கள் மகளை வெளியே நிறுத்திய அதே புள்ளி, இன்னொரு வருடம் உள்ளே விட்டிருக்கலாம். இரண்டு வருடம் மாதிரி வினாத்தாள் செய்து பழகிய பிள்ளைக்கும் வகுப்பில் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டுப் போய் எழுதிய பிள்ளைக்கும் நடுவில் மூன்று புள்ளி ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஆனாலும் இந்தப் பயம் தோட்டங்களில் மட்டும் ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா மத்திய கல்லூரிகளைத் திறந்து, கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து விடுதியோடு படிக்க வைத்தார். 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களோ அந்த ஓட்டத்துக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில், பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்பு வரையுமாகவே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதனால் ஐந்தாம் வகுப்பு என்பது பல தலைமுறைகளுக்குப் படிப்பு முடியும் இடமாகவே இருந்தது. இன்றும் பெற்றோர் அந்த வருடத்தைக் கடைசி பஸ்ஸைப் போலப் பார்ப்பது பழைய அனுபவத்தின் மிச்சம். இப்போது ஐந்துக்குப் பின் ஆறு இருக்கிறது, பதினொன்று இருக்கிறது. சாதாரண தரப் பெறுபேற்றை வைத்து உயர்தரத்துக்கு வேறு பாடசாலையில் சேரும் இரண்டாவது வாசலும் இருக்கிறது. அங்கே புலமைப்பரிசில் புள்ளியை யாரும் கேட்பதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. போட்டிப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பிரபல பாடசாலைகளை அமெரிக்காவில் பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் ஆராய்ந்தார்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே வந்து உள்ளே போனவர்களையும், சற்றுக் கீழே வந்து வெளியே நின்றவர்களையும் பின்தொடர்ந்து ஒப்பிட்டு 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கோட்டுக்கு இருபுறமும் நின்ற பிள்ளைகளின் பிற்காலப் பரீட்சைப் புள்ளிகளில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தப் பாடசாலைகளின் பெருமையில் பெரும்பகுதி, உள்ளே வரும்போதே கெட்டிக்காரர்களாக இருந்த பிள்ளைகளுடையது. மூன்று புள்ளியில் தவறவிட்ட ஒரு தாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு கிடைப்பது கடினம்.

பொஸ்டனும் பசறையும் ஒன்றா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொஸ்டனில் தவறவிட்ட பிள்ளை போய்ச் சேர்ந்த சாதாரணப் பாடசாலையிலும் கணிதம் படித்த ஆசிரியர் இருந்தார், விஞ்ஞானகூடம் இருந்தது. ஊவா மாகாணத்தின் தோட்டங்களில் அந்த உத்தரவாதம் இல்லை. தமிழ்மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தின் பழைய நோய். 2014, 2015 காலத்தில் ஆசிரிய உதவியாளர்கள் என்ற பெயரில் மலையக இளைஞர், யுவதிகளைச் சிறு கொடுப்பனவுக்கு நியமித்து அதை ஆற்றப் பார்த்தார்கள். ஆரம்ப வகுப்புகளுக்கு அது உதவியது. பத்தாம் தரக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போதவில்லை. ஆகவே அந்த ஆய்வை இங்கே ஒரு நிபந்தனையோடுதான் பொருத்த முடியும்: இரண்டு பாடசாலையிலும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் பெயருக்காக அலைவது வீண். ஒன்றில் ஆள் இல்லை என்றால், ஆள் இருக்கும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும். அந்த இடம் பதுளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பசறையிலோ லுணுகலையிலோ பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையாகவும் இருக்கலாம்.

அந்த ஆள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது பல்கலைக்கழக அனுமதியைப் பார்த்தால் விளங்கும். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும் அந்த 16க்குள் வருகின்றன. கேட்க நல்ல செய்திதான். ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்குரியது, தோட்டத்துக்குரியது அல்ல. பதுளை மாவட்டத்தின் இடத்தைப் பதுளை நகரத்துப் பிள்ளை எடுத்தாலும் கணக்குச் சரிதான். தோட்டப் பிள்ளை அந்த வரிசையில் நிற்க வேண்டுமென்றால் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்க வேண்டும். நாட்டின் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகை சுமார் பத்தில் ஒன்று. ஊவாவில் தமிழ்மொழிமூலத்தில் அப்படிப்பட்டவை மிகச் சில. விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படும் பிள்ளைக்குக் கலைப் பட்டப்படிப்பில் மாவட்ட ஒதுக்கீடும் கிடையாது. அதற்கான அனுமதி அகில இலங்கைத் திறமையை வைத்தே நடக்கிறது. கலைப்பிரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரும்பிப் போவது வேறு, வேறு வழி இல்லாமல் போவது வேறு.

ஆகவே கடன் வாங்குவதற்கு முன், உங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஆறிலிருந்து பதினொன்று வரை கணிதமும் விஞ்ஞானமும் யார் கற்பிக்கிறார்கள், அவர்கள் அந்தப் பாடத்தில் பயிற்சி பெற்றவர்களா, கடந்த மூன்று வருடம் சாதாரண தரத்தில் கணிதம் எழுதியவர்கள் எத்தனை பேர், சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் உயர்தரத்துக்கு எங்கே போனார்கள். அதிபர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்தில் ஆள் கேட்டு அலுத்துப்போன அதிபருக்குப் பெற்றோர் கூட்டத்தின் கேள்வி பெரும்பாலும் ஒரு ஆயுதமாகவே உதவும். பதில் திருப்தியாக இருந்தால் மகள் அங்கேயே படிக்கட்டும். எட்டாம் தரம் வரை கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியரே இல்லை என்றால் மாற்றுங்கள், ஜனவரியில் தவணை தொடங்குவதற்கு முன்பே.

மாற்றாமல் இருந்தாலும் ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. கணக்கை முதலில் முடித்த பிள்ளையைச் சின்ன வகுப்புக்கு மேய்ப்பவளாக அனுப்பும் வழக்கம் அது. ஆசிரியரைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஒருவரே இரண்டு மூன்று தரங்களைப் பார்க்கும் வகுப்பில் அது கைக்கு எட்டிய வழி. ஆனால் மெல்லக் கற்கும் பிள்ளையைப் போலவே வேகமாகக் கற்கும் பிள்ளையும் இங்கே கவனிக்கப்படாமல் போகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பெரிய கல்வி மாவட்டம் 2000களின் நடுவில் செய்தது இங்கே பயன்படும். ஆசிரியரும் பெற்றோரும் பெயர் கொடுத்த பிள்ளைகளை மட்டும் சோதிப்பதை விட்டு, இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். ஏழை வீடுகளிலிருந்தும் சிறுபான்மைச் சமூகங்களிலிருந்தும் மீத்திறன் வகுப்புக்குத் தேர்வானவர்களின் தொகை வெகுவாகக் கூடியது. பணம் இல்லையென்று சோதனையை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அதே மாவட்டத்தில் மீத்திறன் வகுப்பில் மிஞ்சிய இடங்களை அதே பாடசாலையின் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினார்கள். அதில் அதிகம் முன்னேறியவர்கள் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள்தான். வெளியே இருந்த பிள்ளைகளுக்கும் பாதிப்பில்லை. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பாமல், இருக்கும் பாடசாலைக்குள்ளேயே பாடத்தை ஆழமாக்கியதால் வந்த பலன் அது.

ஆழம் என்றால் அடுத்த வகுப்புப் புத்தகத்தை முன்கூட்டியே முடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறாம் தரத்தில் காரணிகள் படித்த பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: 1 முதல் 100 வரை எந்தெந்த எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக வரும்? 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 36க்கு 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36 என்று ஒன்பது. பிள்ளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும், அலுக்கும், பிறகு காரணிகள் சோடி சோடியாக வருவதைக் கவனிக்கும். 36இல் மட்டும் 6 தனக்குத் தானே சோடி. அங்கிருந்து 1, 4, 9, 16 என்று பத்து எண்களைப் பிடித்துவிடும். புதிய பாடம் எதுவும் தேவையில்லை, புத்தகமும் தேவையில்லை. இப்படி ஒரு வினாவை ஆசிரியர் கையில் வைத்திருந்தால் உங்கள் மகள் ஒரு பாடவேளை முழுவதும் தன் இடத்திலேயே இருந்து உழைப்பாள். தோட்டப் பாடசாலைகளின் பல்தர வகுப்பும் இங்கே ஒரு வசதிதான்: நான்காம் தரப் பிள்ளை கணிதத்துக்கு மட்டும் ஐந்தாம் தரத்தோடு உட்கார அங்கே யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

வாசிக்கவே தெரியாத பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கெட்டிக்காரர்களைத் தனியாகக் கவனிப்பது அநியாயம் இல்லையா என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் 121 ஆரம்பப் பாடசாலைகளில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பாடசாலைகளில் முதலாம் வகுப்பைத் தேர்ச்சி மட்டப்படி இரண்டாகப் பிரித்தார்கள், மிச்சத்தில் கலந்து வைத்தார்கள். பிரித்த பாடசாலைகளில் மேல்மட்டப் பிள்ளையும் முன்னேறியது, கீழ்மட்டப் பிள்ளையும் முன்னேறியது, ஏனென்றால் ஆசிரியர் எதிரே இருக்கும் பிள்ளையின் மட்டத்துக்கு ஏற்பக் கற்பிக்க முடிந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் பாடசாலைகளுக்கு மேலதிகமாக ஓர் ஆசிரியரைக் கொடுத்துத்தான் பிரித்தார்கள். ஆள் கொடுக்காமல் பிரித்தால், கீழ் வகுப்பு கைவிடப்பட்ட வகுப்பாகிவிடும். ஆகவே நிரந்தரப் பிரிவினை வேண்டாம், பாடத்துக்குப் பாடம் மாறும் சிறு குழுக்கள் போதும். ஒரு பாடசாலையில் இப்படிக் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்றே பேர் இருந்தால், பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் நான்கைந்தைச் சேர்த்து மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு கணித வகுப்பு வைக்க வலயத்தின் ஆசிரிய ஆலோசகரால் முடியும். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பாடசாலையிலிருந்து வலயத்துக்கும் மாகாணத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஏற்பாடு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. பேச்சுக்கும் பாட்டுக்கும் செய்வதைக் கணிதத்துக்குச் செய்யக் கூடாதா?

யாரையாவது பிடித்துச் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஐந்தாம் தரம் முடித்த பிள்ளையைத் தெரிந்தவர் வீட்டிலோ வாடகை அறையிலோ விட்டு, அதற்காகக் கடன்பட்டு, கடைசியில் அங்கேயும் நாற்பது பேரில் ஒருத்தியாக உட்கார வைப்பதைவிட, சாதாரண தரம் வரை பொறுத்து, நல்ல பெறுபேற்றோடு உயர்தர விஞ்ஞானத்துக்குப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போவது பாதுகாப்பான வழி. அந்த வயதில் விடுதியைத் தாங்கும் மனமும் பிள்ளைக்கு வந்திருக்கும்.

தம்பியை டியூஷனுக்கு அனுப்ப வேண்டாம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதிலிருந்து மூன்று வருடம் மாதாமாதம் வகுப்புக்காசு கட்டி, ஒரு மணி நேரத்தில் 40 வினாவை முடிக்கும் வேகத்தை மட்டும் வாங்குவீர்கள். அதே 2024இல் புலமைப்பரிசில் வினாத்தாளின் மூன்று கேள்விகள் பரீட்சைக்கு முன்பே வெளியாகி, உயர் நீதிமன்றம் வரை போய், எல்லாப் பிள்ளைக்கும் அந்த மூன்றுக்கும் முழுப்புள்ளி கொடுக்கும்படி ஆனது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இவ்வளவு ஆசை காட்டினால் அதுதான் நடக்கும். ஐந்தாம் தரத்தில் நான்கு மாதம் பழைய வினாத்தாள்களை வீட்டில் நேரம் வைத்துச் செய்யட்டும், வினாவின் அமைப்புப் பழகுவதற்கு அது போதும். அதுவரை அவன் சரளமாகத் தமிழ் வாசிக்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவில் அக்கா பக்கத்தில் இருக்க, நாளுக்கு இரண்டு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.