வாக்கியத்திலிருந்து வரைபடத்துக்கு

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் மாணவிகளுக்கு வரைபடம் புதியதல்ல. பாய்ச்சற் கோட்டுப்படத்தைச் சாதாரண தரத்திலேயே வரைந்திருப்பர். ஆயினும் ஒரு மென்பொருளைத் திட்டமிடுவதற்கான வரைபடம் என்று வந்ததும், பலர் முதலில் கணினியைத் திறந்து பெட்டிகளை இழுத்துப் போடத் தொடங்கிவிடுகின்றனர். பெட்டிகள் வரிசையாக நிற்கும், நிறங்களும் அழகாயிருக்கும். “இந்தக் கோடு எதைச் சொல்கிறது?” என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஆகவே வரையும் கருவியை எடுக்குமுன் வாக்கியத்தைக் கவனிப்போம்.

தரவுத்தளத்தை வடிவமைக்கப் பயன்படும் ஈ.ஆர். வரைபடத்தை 1976ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தவர் பீற்றர் சென். தாய்வானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கணினி விஞ்ஞானி அவர். பொருள்களைச் செவ்வகத்திலும் அவற்றுக்கிடையிலான தொடர்பைச் சாய்சதுரத்திலும் காட்டுவது அவரது முறை. பண்புகளை நீள்வட்டத்தில் எழுதுவது இன்றைய வழக்கம். 1983இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, மொழி பயிலும் நமக்கு மேலும் சுவையானது. அதில் ஆங்கில வாக்கிய அமைப்பையும் இவ்வரைபடத்தையும் அவர் ஒப்பிட்டார். பெயர்ச்சொல் பொருளாகிறது, செயப்படுபொருளை ஏற்கும் வினை தொடர்பாகிறது, பெயரடை பொருளின் பண்பாகிறது, வினையடை தொடர்பின் பண்பாகிறது. தமிழ் இலக்கணம் கணினி வகுப்புக்கு உதவாது என்று நினைக்கும் மாணவிகள் இதைச் சற்றே யோசிக்க வேண்டும்.

நமது பாடசாலை நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். “மாணவி நூலை இரவல் பெறுகிறாள்.” மாணவி ஒரு செவ்வகம், நூல் ஒரு செவ்வகம், நடுவே ‘இரவல் பெறுதல்’ என்ற சாய்சதுரம். மாணவியின் பெயரும் சேர்விலக்கமும் மாணவிக்கு உரிய பண்புகள். இனி, இரவல் பெற்ற திகதியை எங்கே எழுதுவது?

மாணவிக்குப் பக்கத்தில் எழுதினால், அவளுக்கு ஒரு திகதிதான் இருக்கும்; திங்கட்கிழமை ஒரு நூலும் புதன்கிழமை இன்னொன்றும் எடுக்க முடியாது. நூலுக்குப் பக்கத்தில் எழுதினால், அடுத்தவள் அதே நூலை எடுக்கும்போது முந்தைய திகதி அழிந்துவிடும். பின்னொரு நாளில் இரண்டு பக்கங்கள் கிழிந்திருப்பது தெரியவந்தால், யாரிடம் இருந்தபோது கிழிந்தது என்று தேட வழியில்லை. கடைசியாக எடுத்தவள் மேல் பழி விழும். ஒரு நீள்வட்டத்தை இடம் மாற்றி வரைந்ததால் வந்த வினை அது. ‘எப்போது பெற்றாள்?’ என்ற கேள்வி வினையைச் சார்ந்தது. ஆகவே திகதி சாய்சதுரத்துக்கே உரியது.

கடனை எழுதி வைப்பது பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் விரிவாகப் பேசுவதை நாம் அறிவோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது. எழுதுபவர், சாட்சிகள், குறித்த தவணை எல்லாம் அதில் வருகின்றன. சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படைய வேண்டாம் என்ற கட்டளையும் உண்டு. நூலக இரவல் அங்கே பேசப்படும் கடன் வகையைச் சேர்ந்ததல்ல என்பது உண்மை. ஆனாலும் யார், எதை, எதுவரை என்பவற்றைத் தெளிவாகப் பதிவதன் பெறுமதி இரண்டுக்கும் பொதுவானது.

இன்னொரு சிக்கல் ‘நூல்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அறிஞர் சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்த நூல் என்கிறோம். “அந்த நூலின் அட்டை கழன்றுவிட்டது” என்றும் சொல்கிறோம். முதலாவது ஒரு படைப்பு. இரண்டாவது இறாக்கையில் இருக்கும் ஒரு பிரதி. நூலகத்தில் அதே நாவலின் 3 பிரதிகள் இருந்தால் ஆசிரியர் பெயரை மூன்று தடவை எழுதுவது வீண். எனவே நூல், பிரதி என இரண்டு செவ்வகங்கள் வேண்டும். மாணவி இரவல் பெறுவது பதிவிலக்கம் உள்ள ஒரு பிரதியையே.

வரைபடம் தரவுத்தளமாகும்போது ‘இரவல்’ தனி அட்டவணையாக மாறும். அதற்குச் சேர்விலக்கமும் பதிவிலக்கமும் சேர்ந்து முதன்மைச் சாவியாகப் போதுமா? போதாது. ஒருத்தி அதே பிரதியை மறுபடியும் எடுக்கலாம் அல்லவா? ஒவ்வோர் இரவலுக்கும் தனி இலக்கம் கொடுப்பது நல்லது.

இவ்வளவையும் கொப்பியில் பென்சிலால் வரைந்த பின்னரே கணினிக்கு வாருங்கள். ‘ட்ரோ டொட் ஐஓ’ என்ற கருவி இலவசமானது; உலாவியிலேயே இயங்கும். இணையம் இல்லாதபோது பயன்படுத்த, கணினியில் நிறுவும் பதிப்பும் உண்டு. இடப்பக்கப் பலகத்தின் அடியிலுள்ள ‘மோர் ஷேப்ஸ்’ பொத்தானை அழுத்தி ஈ.ஆர். வடிவங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வடிவத்தின் மேல் சுட்டியால் இருமுறை சொடுக்கித் தமிழிலேயே பெயரிடலாம்.

தொடக்கத்தில் அதிகம் குழப்புவது கோடுதான். கோட்டின் நுனியை ஒரு வடிவத்தின் மேல் கொண்டுசெல்லும்போது விளிம்பு முழுவதும் நீலமாகத் தெரிந்தால், பெட்டியை நகர்த்துகையில் கோடு தனக்கு வசதியான பக்கத்துக்கு மாறிக்கொள்ளும். ஒரு புள்ளி பச்சையாகத் தெரிந்தால், அந்தப் புள்ளியிலேயே நிலைத்து நிற்கும். இரண்டும் தெரியாமல் விட்ட கோடு இணைந்திருப்பதுபோலக் காட்சி தரும், அவ்வளவுதான். பெட்டியை இழுத்துப் பாருங்கள், கோடு கூடவே வரவில்லையென்றால் அது வெறுமனே பக்கத்தில் கிடக்கிறது. படமாக ஏற்றுமதி செய்யும்போது மூலக் கோப்பையும் தவறாமல் சேமியுங்கள். வரைபடத்தின் பிரதியை உள்ளடக்கும் தெரிவைக் குறிக்காமல் எடுத்த படத்தைப் பின்னர் திருத்த முடியாது.

பிழையான தொடர்பையும் இக்கருவி நேர்த்தியாகவே வரைந்து தரும். அதைக் கண்டுபிடிக்க மனிதர்தான் வேண்டும். பெற்றோர் இங்கே பெரிதும் உதவலாம். கணினி அறிவு தேவையில்லை. மகள் ஒவ்வொரு கோட்டையும் இரு திசையிலும் வாக்கியமாக வாசிக்கட்டும்: “ஒரு மாணவி பல பிரதிகளை இரவல் பெறலாம். ஒரு பிரதியைக் காலப்போக்கில் பல மாணவிகள் இரவல் பெறலாம்.” உம்மாவோ வாப்பாவோ “ஒரே நேரத்திலா?” என்று கேட்டால், அந்த ஒரு கேள்வியே வரைபடத்தில் விடுபட்ட விதியைக் காட்டிக்கொடுக்கும். நூல் திரும்பிய திகதி பதியப்படாதவரை அப்பிரதியை வேறொருவருக்குக் கொடுக்கக்கூடாது. அந்த விதியைச் செவ்வகமோ சாய்சதுரமோ சொல்லாது. வரைபடத்தின் கீழே குறிப்பாக எழுத வேண்டும்.

இனி நீங்களே செய்து பார்க்க ஒன்று. ஆசிரியைகளும் நூல் எடுக்கின்றனர். அவர்களுக்குத் தவணை நீண்டது, தண்டப்பணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ‘ஆசிரியை’ என இன்னொரு செவ்வகம் போடுவதா, இருவரையும் ‘அங்கத்தவர்’ என்ற ஒரே செவ்வகத்துள் அடக்குவதா? முதலில் இரண்டு விதமாகவும் வாக்கியங்களை எழுதிப் பாருங்கள்.