சுற்றளவை நம்பி ஏமாந்த கதை

கடைக்கு வந்த பிறகு அட்சரகணிதம் எதற்கு என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு களஞ்சியசாலை அந்த எண்ணத்தை மாற்றியது.

சில வருடங்களுக்கு முன் சரக்கு வைக்க இரண்டு இடங்களைப் பார்த்தேன். ஒன்று 30 அடிக்கு 30 அடி. மற்றது 40 அடிக்கு 20 அடி. "சுற்றி அளந்தால் இரண்டும் 120 அடிதான். வாடகையும் ஒன்றுதான்" என்றார் தரகர். வீதியோரமாக இருந்ததால் நீளமானதை எடுத்தேன். சரக்கை அடுக்கியபோது இடம் போதவில்லை. பிறகுதான் பெருக்கிப் பார்த்தேன். விட்டது 900 சதுர அடி, எடுத்தது 800. ஒப்பந்தம் முடியும்வரை இல்லாத 100 சதுர அடிக்கும் சேர்த்தே வாடகை கட்டினேன்.

அந்த 100 எங்கே போனது? பாடசாலையில் படித்த சர்வசமன்பாடு பதில் சொல்கிறது:

(அ + ஆ) × (அ − ஆ) = அ² − ஆ²

40 என்பது 30 + 10. 20 என்பது 30 − 10. ஆகவே பரப்பு 900 − 100 = 800. சராசரியிலிருந்து 10 அடி விலகினோம், 10இன் வர்க்கம் குறைந்தது. 50க்கு 10 என்றால் விலகல் 20, குறைவது 400. விலகல் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு.

விலையிலும் இதே கதைதான். 1000 ரூபாய்ப் பொருளுக்கு 10 வீதம் கூட்டிவிட்டு, பின்னர் 10 வீதம் கழிவு கொடுத்தால் பழைய விலை வருமென்று நினைக்கிறோம். வருவது 990. 20 வீதம் கூட்டி 20 வீதம் கழித்தால் 960. 30 வீதமென்றால் 910. குறைவது 10, 40, 90. பெருநாள் காலக் கழிவுப் பலகை எழுத முன் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் கைகொடுக்கும்:

(அ − ஆ)² = (அ + ஆ)² − 4 × அ × ஆ

தொலைபேசியில் ஒருவர் "800 சதுர அடி, சுற்றளவு 120 அடி" என்கிறார். நீளமும் அகலமும் கூட்டினால் 60. அதன் வர்க்கம் 3600. 800இன் நான்கு மடங்கு 3200. மிச்சம் 400, அதன் வர்க்கமூலம் 20. கூட்டுத்தொகை 60, வித்தியாசம் 20 என்றால் 40உம் 20உம்தான். உங்களுக்கு 25 அடி அகலம் தேவையென்றால் போய்ப் பார்க்கும் செலவே மிச்சம்.

இது வியாபாரிகளுக்குப் புதிய கலையல்ல. பக்தாதில் கி.பி. 820 அளவில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூல், வாரிசுப் பங்கீடு, வியாபாரம், நில அளவை ஆகியவற்றுக்காகவே எழுதப்பட்டது. அதில் ஒரு கணக்கு: 10ஐ இரண்டாகப் பிரித்துப் பெருக்கினால் 21. அந்த இரண்டு எண்களும் எவை? 100 − 84 = 16, வித்தியாசம் 4. விடை 7உம் 3உம்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன் சுற்றி அளப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒருமுறை பெருக்கியும் பாருங்கள். நான் வாடகை கட்டிப் படித்த பாடம் உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கட்டும்.