பெயரில் ஒரு புள்ளி

அன்புள்ள கயல்விழிக்கு,

பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது தரவுத்தளத்தின் வேலை, அதில் நாம் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்று நினைப்பாய். நூலகப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள். ஒரே எழுத்தாளரை ஒருவர் ‘கி ராஜநாராயணன்’ என்றும், இன்னொருவர் ‘கி. ராஜநாராயணன்’ என்றும், மற்றொருவர் இடம் விடாமல் ‘கி.ராஜநாராயணன்’ என்றும் பதிந்திருக்கக்கூடும். கணினியில் இடைவெளியின் எண் 32, புள்ளியின் எண் 46. தமிழ் எழுத்துகளின் எண்களோ 2900-க்கு மேல். அந்த எண்களையே ஒப்பிடும் ‘சி’ என்ற லொக்கேலில் (மொழி, வட்டார அமைப்பில்) முதல் இரண்டு பதிவுகள் முன்னே வரும், அடுத்து வேறொரு எழுத்தாளரான ‘கி. வா. ஜகந்நாதன்’ வருவார், அவருக்குப் பின்னால்தான் மூன்றாவது பதிவு. நிறுத்தக்குறியையும் இடைவெளியையும் முதலில் ஒதுக்கிவிட்டு, எழுத்துகள் சமமானால் மட்டும் கவனிக்கும் விதியில் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். யூனிகோட் நெறிமுறை இரண்டு வழிக்கும் இடம் தருகிறது. ஆகவே எது வேண்டும் என்று நாம்தான் சொல்லியாக வேண்டும்.

எண் வரிசை வேகமானது, என்றும் மாறாதது, அதுவே போதுமே என்பார்கள். உறுப்பினர் எண்ணுக்கும் ரசீது எண்ணுக்கும் அது மிகப் பொருத்தம். மனிதர் கண்ணால் தேடும் பெயர்ப் பட்டியலுக்குப் போதாது. அதில் ‘ழ’ கூட ‘வ’வுக்கு முன்னால் வந்துவிடும். குறிகளை அடியோடு நீக்கிவிடலாம் என்பதும் சரியில்லை. ஓ'பிரையன் என்ற அயர்லாந்துக்காரரின் பெயரில் அந்த அபாஸ்ட்ரஃபி குறி பெயரின் பகுதி. அடுக்கும்போது அதை ஒதுக்கலாம், சேமிக்கும்போது அழிக்க நமக்கு உரிமை இல்லை.

இயங்குதளத்தின் விதியே இருக்கட்டும் என்று விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. லினக்ஸின் ஜிலிப்சி என்ற மென்பொருள் நூலகம் 2018-இல் வந்த 2.28 பதிப்பில் தன் வரிசை விதிகளை மாற்றியது. அமெரிக்க ஆங்கில லொக்கேலில் அதுவரை ‘11’ முன்னும் ‘1-1’ பின்னும் வந்தன, அதன்பின் தலைகீழ். இந்த விதியை நம்பும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் (தேடலுக்கான கிளை பிரிந்த அட்டவணை) பழைய வரிசையில் கட்டப்பட்டிருக்க, தேடல் புதிய விதியைப் பின்பற்றி வேறு கிளைக்குள் போய்விடும். பதிவு உள்ளே இருந்தும் ‘இல்லை’ என்று விடை வரும். இரட்டைப் பதிவைத் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸும் ஏமாறும். போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பு முதல் ஐசியு என்ற மென்பொருள் நூலகத்தின் விதியைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம்; குறிகளை ஒதுக்க அதில் ‘ஷிஃப்டட்’ என்ற அமைப்பு உண்டு. ஐசியு விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுமே என்று கேட்பாய். மாறும். ஆனால் எந்தப் பதிப்பில் கட்டினோம் என்பது பதிவாகியிருப்பதால் மாற்றம் தெரிந்துவிடும், இண்டெக்ஸை மறுபடி கட்டிவிடலாம்.

புதிய சர்வருக்கு மாறும் முன், பழையதிலும் புதியதிலும் ‘11’, ‘1-1’ இரண்டையும் அமெரிக்க ஆங்கில லொக்கேலில் சார்ட் செய்து பார்த்துவிடு; வரிசை மாறினால் இண்டெக்ஸை மறுபடி கட்டு.

அன்புடன்,
பெரியப்பா