துடைப்பத்தின் தாளம்

நுழையும்முன்

ஓசை எங்கும் நிறைந்துள்ளது. அவ்வோசையை இசையாக்குவது விலையுயர்ந்த கருவியா, அதனைக் கையாளும் மனிதரின் பயிற்சியா? இவ்வினாவிற்கு மேடையிலேயே விடைகண்ட ஒரு கலைநிகழ்ச்சியை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

மேடைக்கு வந்த துடைப்பம்

எளிய வேலையுடை அணிந்த ஒருவர், நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பத்தால் மேடையைப் பெருக்கியவாறு வருகிறார். துடைப்பத்தின் இழைகள் தரையில் உரசும்போது மெல்லோசை பிறக்கிறது. அதன் கட்டை தரையில் மோதும்போது வல்லோசை பிறக்கிறது. இவ்விரண்டும் சீரான கால அளவில் மாறிமாறி ஒலிக்க, பெருக்கும் வேலை தாளமாகிறது. மற்றவர்களும் துடைப்பங்களுடன் ஒருவர்பின் ஒருவராக இணைகின்றனர். சிறிது நேரத்தில் மேடை முழுவதும் தாளக்கச்சேரியாகிவிடுகிறது. இதுவே ‘ஸ்டோம்ப்’ என்னும் நிகழ்ச்சியின் புகழ்பெற்ற காட்சியாகும். அச்சொல்லிற்குக் கால்களை ஓங்கி மிதித்தல் என்பது பொருள்.

தெருவிலிருந்து அரங்கிற்கு

லூக் கிரெஸ்வெல், ஸ்டீவ் மெக்நிக்கோலஸ் ஆகிய இருவரும் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இந்நிகழ்ச்சியை உருவாக்கினர். இருவரும் அதற்குமுன் தெருவில் இசைத்த குழுவொன்றில் இணைந்து பணியாற்றியவர்கள். வழிச்செல்வோரை நின்று கேட்கச் செய்யும் திறன், அவர்களுக்குத் தெரு அளித்த கல்வியாகும். 1991ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில் அரங்கேறிய இந்நிகழ்ச்சி, 1994ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ஆர்ஃபியம் அரங்கை அடைந்து, 2023 சனவரி வரை அங்கு நடைபெற்றது. உரையாடலோ பாடலோ இன்மையால், மொழியறியாதவரும் இதனைச் சுவைக்க முடிந்தது.

பொருளின் இயல்பறிதல்

குப்பைத்தொட்டி மூடி, தீப்பெட்டி, செய்தித்தாள், நெகிழிப் பை, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவையே இக்கலைஞர்களின் கருவிகள். ஒவ்வொன்றிற்கும் தனிக்குரல் உண்டு. தீப்பெட்டியைக் குலுக்கினால் குச்சிகள் சலசலக்கும். தட்டினால் அட்டை ஒலிக்கும். நீளமான குழாய் தாழ்ந்த ஒலியையும், குட்டையான குழாய் உயர்ந்த ஒலியையும் தரும். இருளில் தீமூட்டிகளின் மூடிகள் திறந்து மூடும்போது, ஒலியோடு ஒளியும் தாளமிடுகிறது. இவ்வியல்புகளை அறிந்து, எதனை எப்போது ஒலிக்கச்செய்வது என வரையறுப்பதே கலைஞரின் பணியாகும்.

எளிய பொருள், அரிய பயிற்சி

மேடையில் எண்மர் இயங்குகின்றனர். ஒருவரின் அடி விரைந்தாலோ பிந்தினாலோ அனைவரின் தாளமும் சிதையும். மூடிகளை வீசிப் பிடிக்கும்போதும் உடல் சுழலும்போதும் கால அளவு பிறழ்வதில்லை. எனவே ஒவ்வொருவரும் தம் ஓசையை எழுப்பிக்கொண்டே பிறர் ஓசைக்கும் செவிகொடுக்க வேண்டும். உடலியக்கமும் ஒலியும் பிரிக்கவியலாதவாறு இணைந்திருப்பதால், 1994ஆம் ஆண்டு இந்நிகழ்ச்சிக்கு நடன அமைப்பிற்குரிய ஒலிவியர் விருது வழங்கப்பட்டது.

கருவி வாங்க வசதியில்லை என்பதனால், இசை தமக்குரியதன்று என ஒதுங்கிநிற்போர் பலர். அவர்களுக்கு இந்நிகழ்ச்சி நம்பிக்கையளிக்கிறது. அதேவேளையில், கையில் கிடைத்ததைத் தட்டினாலே இசையாகிவிடும் என்றும் இது கூறவில்லை. துடைப்பம் எவர் வீட்டிலும் உண்டு. அதிலிருந்து தாளத்தை வெளிக்கொணர்வது உற்றுக்கேட்கும் செவியும் ஓயாத பயிற்சியுமே. பெருக்குதல், கழுவுதல் போன்ற அன்றாட வேலைகளின் ஓசைகளையும் கலையாக மதிக்கச் செய்தமையே இந்நிகழ்ச்சியின் சிறப்பாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒருநாள் கேட்கும் வேலை ஓசைகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் சீரான கால அளவில் அமைந்தவற்றைக் கண்டறிக.
2. வகுப்பறைப் பொருள்களைக் கொண்டு எண்மர் குழுவாகத் தாளமொன்றை அமைத்து, அப்போது எதிர்கொண்ட இடர்ப்பாடுகளைக் கலந்துரையாடுக.