நம்பர் உயிரோடு இருக்கட்டும்

எங்கள் சொந்தத்தில் யாராவது தவறிப்போனால் பந்தலுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர் என்று ஆள் உண்டு. போனவரின் செல்போனைப் பார்க்கிற வேலை மட்டும் என்னிடம் வந்துவிடும். ஒருமுறை செய்து கொடுத்தேன், அதோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது பாஸ்வேர்டை. நான் முதலில் பார்ப்பது சிம்முக்கு எப்போது ரீசார்ஜ் முடிகிறது என்பதை. பெரியப்பாவின் காரியம் முடிந்த கையோடு, "இனிமே இந்த நம்பருக்கு எதுக்குண்ணே தண்டமா காசு?" என்று அவர் மகன் கேட்டான். பேங்க், கேஸ், ஈ.பி., இன்சூரன்ஸ், மெயில் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத சிம்மைக் கம்பெனி துண்டித்துவிடலாம். அதற்குப் பின் இன்னொரு 90 நாள் கழிந்தால் எண் வேறொருவர் கைக்குப் போகலாம். 120 நாள் தொடாமல் கிடந்தால் வாட்ஸ்அப் கணக்கும் பொதுவாக அழிந்துவிடும். குடும்பக் குழுவில் அவர் பேசி அனுப்பியவற்றை அதற்குள் பத்திரப்படுத்தச் சொன்னேன். இறப்புச் சான்றிதழ் வந்ததும் சிம்மை வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அதுவரை சின்ன ரீசார்ஜ் போதும்.

அடுத்தது திரைப்பூட்டு. பெரியம்மாவுக்கு நம்பர் எதுவும் தெரியவில்லை. ஆனால், "அவர் 'ப'னா மாதிரி இழுப்பாரு" என்றார். திறந்துகொண்டது. எல்லா வீட்டிலும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

ஓடிபி வருகிறதே என்று ஜிபேயில் பணத்தை மாற்றப் பார்ப்பவர்களை நான் தடுத்துவிடுவேன். இறந்தவர் கணக்கில் அவர் போலக் கைவைப்பது பின்னால் பங்காளிச் சண்டையில் போய் முடியும், வழக்குக்கும் இழுக்கும். பேங்குக்குச் சொல்லி, நாமினி மூலமாகக் கேட்பதே வழி. வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று 2025 நவம்பரிலிருந்து வசதி வந்திருக்கிறது. நாமினி வாங்கி வைத்திருப்பவர்தான், முழு உரிமைக்காரர் ஆகிவிடுவதில்லை என்பதையும் வீட்டில் சொல்லிவைப்பது நல்லது.

பெரியப்பாவின் மெயிலைத் திறந்தபோதுதான் பிள்ளைகளுக்கே தெரியாத ஒரு பாலிசியும், மாதாமாதம் ஆட்டோபேயில் போய்க்கொண்டிருந்த சந்தாக்களும் வெளியே வந்தன. ஆனால் இன்னொருவர் மெயிலுக்குள் அவர் போல நுழைந்தது முறைதானா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லச் சங்கடம்தான். அதனால்தான் இருக்கும்போதே ஏற்பாடு செய்துவைக்கச் சொல்கிறேன். கூகுளில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று ஒன்று 2013 முதல் இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் நம் நடமாட்டம் இல்லாவிட்டால், நாம் குறித்துவைத்தவர்களுக்குத் தகவல் போகும். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். பாஸ்வேர்டு போகாது. நாம் அனுமதித்த போட்டோவையும் மெயிலையும் அவர்கள் இறக்கிக்கொள்ளலாம். ஐபோன்காரர்களுக்கு 'லெகசி காண்டாக்ட்'. அதற்கு ஒரு சாவிக்குறியீடும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். அந்தக் குறியீட்டை இப்போதே பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அதிலும் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள் கிடைக்காது. பேஸ்புக்கில் ஒருவரை நியமித்தால் அவர் நினைவுப் பக்கத்தைப் பராமரிக்கலாம், நம் மெசேஜ்களைப் படிக்க முடியாது. அது நல்ல விதி என்பது என் கட்சி.

உயிலில் பாஸ்வேர்டு எழுதாதீர்கள். அது பல கை மாறும் காகிதம். பாஸ்வேர்டோ ஆறு மாதத்தில் மாறிவிடும். என் பீரோவில் ஓர் ஒட்டிய கவர் இருக்கிறது: போனின் பின் நம்பர், கூகுள் தரும் பேக்அப் குறியீடுகள், எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்ற பட்டியல். தொகை எதுவும் அதில் இல்லை. பின் நம்பரை மாற்றினால் கவரையும் மாற்றிவிடுவேன்.

கல்லூரிக் காலத்து மெயில் ஒன்று இன்னும் வைத்திருக்கிறேன். அதை மட்டும் யாருக்கும் தராமல், தானாகவே அழியும்படி அமைத்திருக்கிறேன். "அதுல என்ன இருக்கு?" என்றாள் மனைவி. நான் எழுதிய கவிதைகள் என்றேன். "அப்ப அழியட்டும், விடுங்க" என்றாள்.