கரண்ட் வரலையா? காயிலை மாத்தாதீங்க!

கிரிவலப் பாதையில பழைய புல்லட் நின்னுபோச்சா? புது காயில் வாங்க ஓடாதீங்க. பாயிண்ட் இக்னிஷன் வண்டியை வரிசையா சோதிக்கலாம்.

1. பிளக்: கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி என்ஜின் மேல் படும்படி வைத்து உதைங்க. பளிச்சென்று நீலப் பொறி வந்தா, பெட்ரோல் பக்கம் பாருங்க. வரலைன்னா நல்ல பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்க.

2. பாயிண்ட்: கருகியிருந்தா மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைங்க. முழுசா திறக்கும்போது இடைவெளி 0.35–0.40 மி.மீ. இருக்கணும்.

3. கண்டென்சர்: பாயிண்ட் திறக்கையில் அங்கேயே பெரிய பொறி பறந்தா, இதுதான் சந்தேகம். மின்னோட்டம் சட்டென நிற்காததால், காயிலில் போதிய வோல்டேஜ் எழும்பாது.

4. காயில்: மல்டிமீட்டரில் பிரைமரி சில ஓம், செகண்டரி பல ஆயிரம் ஓம் காட்டணும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாத்துங்க. மொத்தமா மாத்தினா வண்டி ஓடும். ஆனா கோளாறு எதுலன்னு கடைசிவரை தெரியாது.