எந்த பைத்தான், எந்தப் பதிப்பு?

அன்புள்ள யாழினி,

நம்பையைப் புதுப்பித்ததும் பாண்டாஸ் அடம்பிடிக்கிறது, எத்தனை தடவை நீக்கி நிறுவினாலும் அதே பிழைதான் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய பிழைச் செய்தியின் கடைசி வரியைப் பார். 96 எதிர்பார்த்தது, 88 கிடைத்தது என்கிறதல்லவா? அது பைட் கணக்கு. பாண்டாஸ் கம்பைல் ஆனபோது இருந்த நம்பையின் உள்ளமைப்பு வேறு, இப்போது இருப்பது வேறு. 2024 ஜூன் 16 அன்று வந்த நம்பை 2.0, 2006க்குப் பிறகு அந்த நூலகம் கண்ட முதல் பெரிய பதிப்பு மாற்றம். பழைய 1 வரிசைக்கென்று கம்பைல் செய்தவை அதனோடு ஓடாது. பாண்டாஸ் 2.2.2 இரண்டுக்கும் பொருந்தும்.

இனி நீக்காதே, நிறுவாதே. முதலில் இடத்தைப் பார். லேப்டாப்பில் பைத்தான் ஒன்றுக்கு மேல் இருந்தால், பிப் ஒன்றில் நிறுவும், ஜூப்பிட்டர் இன்னொன்றை ஓட்டும். ‘பிப் ஷோ நம்பை’ கொடுத்தால் பதிப்பும் ஃபோல்டரும் தெரியும். ஜூப்பிட்டரில் ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ அச்சிட்டால் அங்கே ஓடும் பைத்தான் தெரியும். இரண்டும் வேறு என்றால், நீ செய்தது எதுவும் அங்கே போய்ச் சேரவே இல்லை. ஒன்றே என்றால் கெர்னலை ரீஸ்டார்ட் செய். மெமரியில் ஏறிய பழைய நூலகம் அதுவரை இறங்காது.

அடுத்து ‘பிப் செக்’. எது எந்தப் பதிப்பைக் கேட்கிறது, எது இருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். ஆனால் அதையே முழுதாக நம்பிவிடாதே. பழைய நூலகங்கள் பல, நம்பைக்கு மேல்வரம்பு எழுதாமலே வெளிவந்தவை. அவற்றில் பழுதே இல்லை என்று அது சொல்லும், ஓட்டும்போதுதான் உடையும்.

குழம்பிய சூழலுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு இராதே, புதிதாகக் கட்டு. தனிச் சூழல் அமைக்கும் வென்வ், பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது. ப்ராஜெக்டுக்கு ஒரு சூழல் வைத்துக்கொள். வேண்டிய நூலகங்களை எல்லாம் ஒரே கட்டளையில் கேள். தனித்தனியாகக் கேட்டால், பிந்தி வருவது முந்தியதன் தேவையை மீறி நம்பையை மாற்றிவிடக்கூடும். பிப் ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டுப் போய்விடும். சேர்த்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் பதிப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் நிறுவாமலே நின்று, எதற்கும் எதற்கும் முரண் என்று சொல்லும். ஏதாவது ஒன்று இன்னும் நம்பை 2க்கு மாறவில்லையா? நம்பை 2க்குக் கீழே என்ற நிபந்தனையையும் அந்தக் கட்டளையிலேயே சேர்.

ஓடியதும் ‘பிப் ஃப்ரீஸ்’ எடுத்து ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் போட்டு வை. ப்ராஜெக்ட் முடியும்வரை அந்தச் சூழலில் கை வைக்காதே. புதுப் பதிப்பைப் பார்க்க ஆசையா, இன்னொரு சூழலில் பார்.

அன்புடன்,
சித்தப்பா